பிந்தி வந்தோர் கொப்பி

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் இந்த உரைக்கு எனக்குத் தந்த தலைப்பு ‘அன்றைய ஒழுக்கமும் இன்றைய மாணவரும்’ என்பது. அதில் தீர்ப்பு முதலே எழுதப்பட்டுவிட்டது போல எனக்குப் பட்டது. ஆகையால் அவருடைய அனுமதியோடு தலைப்பை மாற்றிக்கொண்டேன். நான் பேசப்போவது அடியைப் பற்றி. பாடசாலையில் நாம் வாங்கிய அடி, நம்மில் ஆசிரியர்களானவர்கள் கொடுத்த அடி, நாட்டின் சட்டம் அதை எப்படிப் பார்த்தது என்பவை பற்றி.

மலர்க் குழுவினர் தங்களுக்கு வந்த நினைவுக் கட்டுரைகளை வாசிக்க எனக்குத் தந்திருந்தார்கள். லண்டனிலிருந்து, ரொறன்ரோவிலிருந்து, சிட்னியிலிருந்து, மட்டக்களப்பிலிருந்து, இதோ பக்கத்தில் உப்புவெளியிலிருந்து. எல்லாம் அருமையான எழுத்துகள். எத்தனை கட்டுரையில் பிரம்பு வருகிறது என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். நகம் வெட்டாததற்கு அடிமட்டத்தின் விளிம்பால் விரல் மொழியில் அடி. இரட்டைப் பின்னலில் ஒரு பக்க ரிபன் அவிழ்ந்ததற்கு நுள்ளு. இலக்கணத்தில் புணர்ச்சி விதி சொல்லத் தெரியாததற்கு வாங்கில் ஏறி நிற்றல். ஒருவர் எழுதியிருக்கிறார், வெயிலில் முழந்தாளில் இருத்தப்பட்டபோது துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்தாராம். எழுதியவர்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்: அந்த அடிதான் எங்களை ஆளாக்கியது.

வாசித்தபோது நானும் சிரித்தேன். அந்த ரீச்சர்மாரை எனக்கும் தெரியும். பிரம்பு பிடித்த அதே கையால் எங்களுக்குத் தங்கள் சோற்றுப் பார்சலைப் பிரித்துத் தந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. குறை சொல்வதென்றால் என்னிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1979ஆம் ஆண்டு நான் மாணவ தலைவி. காலை மணி அடித்ததும் வாசலில் நிற்பது என் கடமை. கையில் ஒரு கொப்பி. அதன் மட்டையில் ‘பிந்தி வந்தோர்’ என்று அழகான எழுத்தில் நானே எழுதியிருந்தேன். உள்ளே மூன்று நிரல்கள்: திகதி, பெயர், வகுப்பு. ஒரு கிழமையில் மூன்று தரம் பெயர் வந்தால் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் கையை நீட்ட வேண்டும். உள்ளங்கையில் இரண்டு அடி. அது பெரிய அடி என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

அந்தக் கொப்பியில் அடிக்கடி வந்த பெயர் ஒன்று இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. ஆலங்கேணிப் பக்கம். இப்போது இளையவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009இல். அதற்கு முன் ‘பாதை’யில்தான் கடக்க வேண்டும். பாதை என்றால் றோட்டு என்று நினைத்துவிடாதீர்கள், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு களப்பைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அது நிறைய வேண்டும், புறப்பட வேண்டும், இக்கரை சேர வேண்டும், பிறகு பஸ் பிடித்து சீனன்குடா வழியாக நகரத்துக்கு வர வேண்டும். அந்தப் பிள்ளை மணி அடித்துப் பத்து நிமிடத்தில் வந்துவிடும். சட்டையின் விளிம்பு நனைந்திருக்கும். முதல் நாள் மட்டும், “பாதை பிந்திட்டுது அக்கா” என்று சொன்னது. “அதை ஒபிசில சொல்லு” என்றேன். என் கொப்பியில் அதற்கு நிரல் இல்லை. அடுத்த நாளிலிருந்து அது ஒன்றும் சொல்லவில்லை. பெயரைக்கூட நான் கேட்கத் தேவையில்லை, எழுதிவிடுவேன்.

இரண்டாம் தவணை முடிவில் அந்தப் பெயர் கொப்பியில் வருவது நின்றுவிட்டது. பிள்ளை திருந்திவிட்டது என்று நினைத்தேன். பிந்தி வருவோர் தொகை குறைந்துவிட்டது என்று மாணவ தலைவிகள் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அது பாடசாலைக்கே வருவதை நிறுத்திவிட்டது என்பது எனக்கு வெகுநாட்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இப்போது அந்த நினைவுக் கட்டுரைகளுக்குத் திரும்புகிறேன். அவற்றை எழுதியவர்கள் யார்? அடி வாங்கியும் படித்து முடித்தவர்கள். சாதாரண தரம் சித்தியடைந்து, உயர்தரம் படித்து, டொக்டராக, ஆசிரியராக, கணக்காளராக, நல்ல தாயாக வாழ்பவர்கள். அடி வாங்கி அதோடு நின்றுவிட்டவர்களுக்கு மலர்க் குழுவின் கடிதம் போகவில்லை. அவர்களுடைய முகவரி எங்களிடம் இல்லை. ஆகவே அடி ஆளாக்கியது என்று நாம் சொல்லும்போது, பரீட்சையில் தேறியவர்களை மட்டும் கூப்பிட்டு வினாத்தாள் எப்படி என்று கேட்பது போலத்தான் அது. நம்மை ஆளாக்கியது அடியா, அல்லது வீட்டில் சோறும் விளக்கும் படிக்கச் சொல்லி ஒரு குரலும் இருந்ததா என்பதை யார் பிரித்துப் பார்த்தார்கள்?

கொஞ்சம் சட்டம் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நம் துறைமுகத்திலிருந்தே தொடங்கலாம்.

1957 வரை இந்தத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. அந்தக் கடற்படையில் ஒரு காலத்தில் மாலுமிகளை ஒன்பது வால் சாட்டையால் முதுகில் அடிப்பார்கள். இங்கிலாந்து மக்களே அதைக் கண்டு கூசி, 1879 அளவில் அந்த வழக்கத்தை நிறுத்திவைத்தார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1883இல், இலங்கைக்குத் தண்டனைச் சட்டக்கோவை எழுதினார்கள். அதன் 341ஆம் பிரிவு குற்றவியல் வலுவந்தம் என்றால் என்ன என்று விளக்குகிறது. விளக்கத்துக்கு உதாரணங்கள் தருகிறது. அவற்றில் ஒன்று பாடசாலை ஆசிரியர். அவர் தமது தற்றுணிபை நியாயமாகப் பயன்படுத்தி மாணவரைப் பிரம்பால் அடித்தால் அது குற்றவியல் வலுவந்தம் ஆகாது, பிள்ளைக்கு அச்சமும் தொல்லையும் உண்டாக்க அவர் எண்ணியிருந்தாலும்கூட, என்கிறது அந்த உதாரணம். மாலுமியின் முதுகிலிருந்து சாட்டை இறங்கிய பிறகுதான் பிள்ளையின் கைக்குச் சட்டம் பிரம்பைக் காட்டியது.

1939இல் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் வந்தது. பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவது குற்றம் என்று அதன் 71ஆம் பிரிவு சொன்னது. நல்ல சட்டம். ஆனால் அதே பிரிவின் கடைசியில், பெற்றோரும் ஆசிரியரும் தண்டிக்கும் உரிமையை இது பாதிக்காது என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்கள்.

பிறகு 2005. அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். சுனாமி வந்து சில மாதங்கள். நம் கரையோரப் பாடசாலைகளில் இடாப்பு கூப்பிடும்போது சில பெயர்களுக்குப் பதில் வராத காலம். மே மாதம் கல்வி அமைச்சின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் வந்தது: பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது. 2001இலும் இப்படி ஒன்று வந்திருந்தது. அதே 2005இல் பாராளுமன்றம் 23ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றி, 1889ஆம் ஆண்டின் உடல் தண்டனைக் கட்டளைச் சட்டத்தை நீக்கியது. அதாவது, குற்றவாளி என்று தீர்ந்தவனுக்கு நீதிமன்றம் இனிக் கசையடி விதிக்க முடியாது. இதைக் கவனித்தீர்களா? குற்றவாளியின் முதுகைக் காக்க ஒரு பாராளுமன்றச் சட்டம். பிள்ளையின் கையைக் காக்க ஒரு சுற்றுநிருபம். சுற்றுநிருபம் ஒபிசில் கோவைக்குள் இருக்கும். 341ஆம் பிரிவின் உதாரணமும் 71ஆம் பிரிவின் கடைசி வரியும் அதற்குப் பிறகும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருந்தன. 2016இல் 12ஆம் இலக்கச் சுற்றுநிருபம் வந்து அதையே மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. முதலாவதைப் பின்பற்றியிருந்தால் மூன்றாவதற்கு வேலை இருந்திருக்காது.

அந்த 2005ஆம் ஆண்டுச் சுற்றுநிருபத்தை நான் அப்போது வேலைபார்த்த பாடசாலையில், ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டினார்கள். ஒருவர் சொன்னார்: “அப்ப இனிப் பிள்ளையளுக்குச் சாமரம் வீசுவம்.” எல்லோரும் சிரித்தார்கள். வெளியே பிள்ளைகளில் பலர் கூடாரத்திலிருந்து வந்தவர்கள். நானும் சிரித்தவர்களில் ஒருத்தி என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

நீதிமன்றங்கள் அமைச்சைவிடத் தெளிவாகப் பேசியிருக்கின்றன. சித்திரவதைக்கோ, கொடிய, இழிவான நடத்தைக்கோ எவரும் உள்ளாகக் கூடாது என்பது நம் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை. பாடசாலையில் மாணவர் ஒருவர் தாக்கப்பட்டது அந்த உறுப்புரையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 1990களிலேயே தீர்ப்பளித்தது. 2021 பெப்ரவரியில் வந்த தீர்ப்பு பலருக்கு நினைவிருக்கும். மாத்தறை மாவட்டத்து மத்திய கல்லூரி ஒன்றில் 2017இல் ஓர் ஆசிரியர் ஒரு மாணவரின் காதோடு சேர்த்து அறைந்தார். பிள்ளைக்கு அந்தக் காதில் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போய்விட்டது. நீதியரசர் துரைராஜா எழுதிய தீர்ப்பின்படி ஆசிரியர் தம் சொந்தப் பணத்தில் 1,50,000 ரூபாவும், அரசு 5,00,000 ரூபாவும் கொடுக்க வேண்டும். அந்த ஆசிரியரும் காலையில் பாடசாலைக்குப் புறப்பட்டபோது ஒரு பிள்ளையைச் செவிடாக்க நினைத்துப் புறப்பட்டிருக்க மாட்டார். ஓர் அறைதான். நம்மில் எத்தனை பேர் அதே அளவு அறைந்திருப்போம்? நம் கை அரை அங்குலம் தள்ளிப் பட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 2017இல் வெளிப்படுத்திய ஆய்வில், உடல் தண்டனை பெற்றதாகச் சொன்ன மாணவர்கள் 80 வீதம். தடை செய்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. மனத்தைப் புண்படுத்தும் தண்டனை பெற்றதாகச் சொன்னவர்கள் 70 வீதத்துக்கும் மேல். இந்த இரண்டாவது எண்ணிக்கையில்தான் பெண்கள் பாடசாலைகளாகிய நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஏனென்றால் நம்மிடம் பிரம்பு ஆண்கள் பாடசாலைகளைவிடக் குறைவாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். நமக்கு ஏச்சு இருந்தது. “உன்ர கொம்மாவும் இப்படித்தான்.” “கறுவல், எண்ணெய் வழியிற முகம்.” “மீன் வித்த காசில வாங்கின சப்பாத்தோ?” காலைப் பிரார்த்தனையில் ஒருத்தியை மேடைக்குக் கூப்பிட்டு, அவளுடைய சட்டை முழங்காலுக்கு மேல் எத்தனை அங்குலம் என்று அளந்து காட்டுவது. மாதவிலக்குக் கறை பட்டவளைக் கேலி செய்து வீட்டுக்கு அனுப்புவது. பிரம்பின் தழும்பைக் காட்டி முறையிடலாம். இதற்கு எதைக் காட்டுவது? நினைவுக் கட்டுரைகளில் அடியைச் சிரித்துக்கொண்டு எழுதியவர்கள்கூட இந்த வார்த்தைகளை எழுதவில்லை. மறந்துவிட்டதால் என்று நான் நம்பவில்லை. சென்ற கிழமை தொலைபேசியில் என்னோடு பேசிய ஒரு தோழி, அறுபது வயதைத் தாண்டியவர், பேரப்பிள்ளை கண்டவர், எட்டாம் வகுப்பில் தனக்குச் சொல்லப்பட்ட ஒரு வசனத்தை, யார் சொன்னது, என்ன கிழமை, அடுத்துள்ள வாங்கில் யார் இருந்தார்கள் என்பது வரை சொன்னார். அழவில்லை. ஒப்புவித்தார், திருக்குறள் ஒப்புவிப்பது போல.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சொல்லி நாம் தப்பிக்கவும் முடியாது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கோதண்டம் போடுவது இருந்தது. கயிற்றைப் பிடித்துத் தொங்க விட்டு அடிப்பார்கள். அடியாத மாடு படியாது என்பது நம்முடைய பழமொழி. தோலை உரித்தாலும் பரவாயில்லை, கண்ணை மட்டும் விட்டுவிடுங்கோ என்று பிள்ளையை ஒப்படைத்த தகப்பன்மாரை நானே கண்டிருக்கிறேன். அதே தமிழில்தான் நன்னூலும் இருக்கிறது. நல்லாசிரியரின் இயல்பைச் சொல்ல வந்த பவணந்தி முனிவர் நிலத்தையும் மலையையும் தராசையும் மலரையும் உவமையாக எடுத்தார். உயர்தரத் தமிழ் வகுப்பில் நான் அதைப் பாடமாகக் கற்பித்திருக்கிறேன், மேசையில் அடிமட்டம் கிடக்க.

இங்கிலாந்தில் வாழும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே அரசாங்கப் பாடசாலைகளில் 1987இல் பிரம்பு ஒழிந்தது. அதற்கு வழி திறந்ததில் இரண்டு தாய்மாருக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த திருமதி கம்பெல், திருமதி கோசன்ஸ் என்பவர்கள். என் பிள்ளையை அடிக்க மாட்டோம் என்று உறுதி தாருங்கள் என்று ஒருவர் கேட்டார், கிடைக்கவில்லை. மற்றவரின் மகன் தோல்வாரால் அடி வாங்க மறுத்ததற்காகப் பாடசாலையிலிருந்து நிறுத்தப்பட்டான். இருவரும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போய் 1982இல் வென்றார்கள். உங்கள் பிள்ளைகள் இன்று அந்த நாட்டில் அடி இல்லாமல் படிக்கிறார்கள். நன்றாகவும் படிக்கிறார்கள், கடவுள் புண்ணியத்தில். அப்படியிருக்க, ஊரிலுள்ள பாடசாலைக்கு நன்கொடை அனுப்பும்போது மட்டும், ‘பழைய கண்டிப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கோ’ என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதுகிறீர்களே, அது ஏன்? உங்கள் பிள்ளைக்கு வேண்டாதது இங்குள்ள பிள்ளைக்கு எப்படி மருந்தாகும்? கோபிக்காதீர்கள். அந்த வரிக்கு இங்கே பலம் அதிகம். சட்டத்தைத் திருத்தும் பேச்சு எழும்போதெல்லாம், பழைய மாணவர்களே அடியைத்தான் கேட்கிறார்கள் என்று சுட்டிக்காட்ட அது உதவுகிறது.

ஆசிரியர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பக்கத்தில் நின்றவள் நான். நாற்பது, நாற்பத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பு. பக்கத்து வகுப்புக்கு ஆசிரியர் வரவில்லை, அதையும் பார்க்க வேண்டும். பாடத்திட்டம் முடிய வேண்டும். பின்வாங்கில் ஒருத்தி வேண்டுமென்றே மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். அடிக்காதே என்று அமைச்சு சொன்னது. பிறகு என்ன செய்வது என்று சொல்லித்தர எனக்குத் தெரிந்து ஒருவரும் வகுப்புக்கு வரவில்லை. ஆலோசனை வழங்கும் ஆசிரியர் என்று ஒருவருக்குப் பெயர் கொடுத்தார்கள், அவருக்கும் முழு நேரசூசி. பிரம்பை எடுத்த இடம் வெறுமையாகவே கிடந்தது. அந்த வெறுமையில் ஏச்சு வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் கடைசியாக அடித்த பிள்ளையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். எந்தப் பாடசாலை என்பது வேண்டாம். இடப்பெயர்வுக் காலம். வீட்டுவேலை செய்யாமல் மூன்றாவது நாளாக வந்திருந்தாள். கொப்பியே கொண்டுவரவில்லை. அடிமட்டத்தால் இரண்டு கையிலும் அடித்தேன். இடைவேளையில் இன்னொரு பிள்ளை வந்து சொன்னாள், அவர்கள் மூன்று நாளாகக் கோயில் மண்டபத்தில் படுக்கிறார்கள், புத்தகமெல்லாம் வீட்டோடு போய்விட்டது என்று. நான் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, “ஏன் சொல்லேல்ல?” என்று கேட்டேன். அவள் சொன்னாள்: “நீங்க கேக்கேல்லையே ரீச்சர்.” அதன் பிறகு நான் கையை ஓங்கவில்லை. ஏசியிருக்கிறேன், சுனாமி ஆண்டில் அந்தச் சிரிப்பும் சிரித்திருக்கிறேன். ஒரே நாளில் திருந்திய கதை என்னிடம் இல்லை.

கேட்பது என்பதைப் பிற்காலத்தில், பிரதி அதிபராக இருந்தபோது, கொஞ்சம் முறையாகச் செய்து பார்த்தேன். அங்கும் பிந்தி வருவோருக்கு ஒரு கொப்பி இருந்தது. என்னுடைய பழைய கொப்பியின் தங்கச்சி. அதில் நாலாவதாக ஒரு நிரல் போடச் செய்தேன்: ‘ஏன்’. மாணவ தலைவிகள் காரணத்தைக் கேட்டு எழுத மட்டும் வேண்டும், தீர்ப்புச் சொல்லக் கூடாது. பொய் எழுதுவார்கள் என்றார்கள் ஆசிரியர்கள். எழுதினார்கள்தான், ஆளுக்கு ஒரு பாட்டியைக் கொன்றார்கள். ஒரு தவணை முடிய அந்த நிரலைப் பார்த்தால், பொய்களைத் தள்ளிய பிறகு, ஒரே பஸ்ஸில் வரும் பிள்ளைகளின் பெயர்கள் ஒரே நாளில் சேர்ந்து வந்திருந்தன. டிப்போவுக்கு ஒரு கடிதம் போட்டோம், பஸ் கால்மணி நேரம் முந்தியது. இன்னும் சிலர், தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போன வீட்டுப் பிள்ளைகள். தம்பி தங்கையைச் சமைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுத் தாங்கள் வருகிறார்கள். பதின்மூன்று வயதில் ஒரு குடும்பத்தை நடத்திவிட்டு வரும் பிள்ளையை, ஒழுங்கு தெரியாதவள் என்று வெயிலில் நிறுத்தியிருக்கிறோம். அவர்களுக்கு முதற் பாடத்துக்குச் சலுகை கொடுத்தோம். மிச்சம் இருந்தவர்கள் நித்திரைக் குணம் உள்ளவர்கள். அவர்களை மாலையில் மறித்து வகுப்பறை கூட்ட விட்டோம். அவர்களுக்கும் அது சரியாகப் பட்டது, ஏனென்றால் காரணம் தங்களுடையது என்று அவர்களுக்கே தெரியும்.

நூற்றாண்டு நினைவாகச் சங்கம் என்ன செய்யலாம் என்று பேச்சு நடக்கிறது. வாசலுக்கு வளைவு கட்டலாம் என்கிறார்கள். கட்டுங்கள், அழகாக இருக்கும். அதில் ஒரு பங்கை எடுத்து ஒரு சிறிய அறை கட்டித் தாருங்கள், கதவு பூட்டிப் பேசக்கூடிய அறை, பயிற்சி பெற்ற ஒரு பெண் ஆலோசகர் முழுநேரமாக இருக்கக்கூடிய அறை. அவருக்குச் சில வருடங்களுக்குச் சம்பளம் கொடுக்க நம்மால் முடியும், ரொறன்ரோக் கிளை ஒன்றே போதும். மற்றது, மாணவிகளுக்கு: 1929 என்பது சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம். உங்கள் கொப்பியின் பின்மட்டையில் எழுதி வையுங்கள். அதிபர் அவர்கள் நான் இதைச் சொல்வதைத் தவறாக நினைக்க மாட்டார் என்று நம்புகிறேன். அவர் சிரிக்கிறார்.

கடைசியாக அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. போன வருடம் கிண்ணியாவில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்ட வந்து கேட்டார்: “நீங்கதானே பேர் எழுதுற அக்கா?”

நாற்பது வருடத்துக்கு மேல் அவருக்கு நான் அதுதான். பக்கத்திலிருந்த கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். கோபம் ஒன்றும் இல்லை. “பாதையில வரக்குள்ள கணக்குச் செய்துகொண்டு வருவன் அக்கா, கணக்கு எனக்கு நல்லா வரும்” என்றார். ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன், அன்று கேட்காததை. “அடி நோகல்ல. எல்லாரும் பாக்கக் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறதுதான். பிந்திப் போய் அடி வாங்குறதுக்கு ஏன் பஸ்ஸுக்குக் காசு எண்டு அப்பா கேட்டார். எனக்கும் அது சரியாப் பட்டுது.” இப்போது அவருடைய பேத்தி நம் பாடசாலையில் ஏழாம் ஆண்டு. பாலத்தின் மேலே வானில் வருகிறாள். நேரத்துக்கு வருகிறாள்.

நூற்றாண்டு விழாவுக்கு நீங்களும் வாங்கோ என்று கூப்பிட்டேன். “நான் பழைய மாணவி இல்லையே அக்கா, ஒன்பதாம் வகுப்போட நிண்டிட்டன்” என்றார். வீட்டுக்கு வந்து சங்கத்தின் யாப்பை எடுத்துப் பார்த்தேன். இப்பாடசாலையில் பயின்ற எவரும் என்றுதான் அதில் இருக்கிறது, எந்த வகுப்பு வரை என்று இல்லை. அங்கத்துவப் படிவம் ஒன்று என் கைப்பையில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாவுக்குக் கொண்டுபோகிறேன். முன்மொழிபவர் இடத்தில் நான் கையெழுத்து வைத்துவிட்டேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். சாப்பாட்டுக்குப் போகுமுன் யாராவது என்னிடம் வாருங்கள்.